இருபத்து மூன்று பாட்டர்ன்

சிங்கிள்டன் என்றால் ஒரு கிளாஸுக்கு ஒரே ஒரு ஆப்ஜெக்ட்தான் இருக்கும், யார் எங்கிருந்து கேட்டாலும் அதே ஒன்றைத்தான் எடுத்துக் கொடுக்கும், இன்னொன்று உண்டாக விடாது, சொல்லு, மறுபடி சொல்லு, ஒரு கிளாஸுக்கு ஒரே ஒரு, பக்கத்தில் தூங்குகிற என் கைக்குழந்தை ஷைனா மூக்கால் ஒரு சத்தம் போட்டாள், நான் வாயை மூடிக்கொண்டேன். உதடு அசையலாம், குரல் வரக்கூடாது, அப்படித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. இடது கை அவள் தலைக்கு அடியில் மரத்துக் கிடக்கிறது, வலது கையில் ஒரு விரலை மட்டும் வைத்து லேப்டாப்பில் பக்கம் தள்ளுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோழிங்கநல்லூரில் ஆறாவது மாடி, கீழே தண்ணீர் லாரி ரிவர்ஸில் வரும்போது அடிக்கிற அந்தப் பாட்டு, அது இவளை எழுப்பினால் இறங்கிப் போய் அந்த லாரியைக் கொளுத்துவேன். நாளைக்குப் பேனல். பேனல் என்றால் மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர், இந்தப் பக்கம் நான். பிரசவ லீவில் போனவள் திரும்பும்போது பழைய பிராஜெக்டில் அவள் நாற்காலி போயிருந்தால் முதலில் பேனல், தேறினால் வேறு பிராஜெக்ட், தேறாவிட்டால் பெஞ்ச், பெஞ்ச் என்றால் வேலை இல்லாமல் உட்கார்ந்திருப்பது, பிறகு ஒரு நாள் எச்.ஆர். பெண் தேன் தடவிய குரலில் கூப்பிட்டு, நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுத்துட்டீங்கன்னா உங்களுக்குத்தான் நல்லது என்பாள். எங்கள் தளத்தில் அப்படிப் போனவர்கள் எல்லோரும் அம்மாக்கள். பைக்கில் விழுந்து காலை உடைத்துக்கொண்டு அரை வருஷம் வீட்டில் கிடந்தானே ஒருத்தன், அவனுக்குப் பேனல் இல்லை, கேக் வெட்டினார்கள். நானும் கை தட்டினேன், கேக் தின்றேன், பெரிய வயிற்றைத் தூக்கிக்கொண்டு போய் இரண்டாம் துண்டு வேறு கேட்டு வாங்கினேன். இப்போது அந்தக் கேக் தொண்டையில் நிற்கிறது.

பாட்டர்ன் என்றால் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. புரோகிராம் எழுதுகிறவர்களுக்குத் திரும்பத் திரும்ப வருகிற சிக்கல்கள் சில உண்டு, அவற்றுக்கு யாரோ முன்பே யோசித்து வைத்த வழிகள், அந்த வழிகளுக்கு ஆளுக்கொரு பெயர், மொத்தம் இருபத்து மூன்று. உருவாக்கம், அமைப்பு, நடத்தை என்று மூன்று வகை. ஜெபமாலையில் சந்தோஷ தேவ இரகசியம், துக்க தேவ இரகசியம் என்று பிரித்து வைத்திருப்பதுபோல இதையும் பிரித்து வைத்திருக்கிறார்கள், நானும் மணி உருட்டுகிற மாதிரிதான் உருட்டுகிறேன், ஃபேக்டரி, பில்டர், புரோட்டோடைப், அருள் நிறைந்த மரியே. நாகர்கோவில் கான்வென்டில் கம்ப்யூட்டர் எடுத்த சிஸ்டர் இம்மாகுலேட் டெஃபினிஷனில் ஒரு கமா போனால் ஒரு மார்க் எடுத்துவிடுவார். ஏன் சிஸ்டர் என்று கேட்டதற்கு ஒரு முறை வராந்தாவில் நின்றேன், முட்டி போட்டு, இரட்டைப் பின்னல் ரிப்பன் காற்றில் ஆட. கேட்டால் மட்டும் வாயைத் திற. பன்னிரண்டு வருஷம் அதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள், கடைசியில் நடத்தை மிக நன்று என்று சர்டிபிகேட்டில் எழுதிக் கொடுத்தார்கள், அதை அம்மை பிளாஸ்டிக் உறைபோட்டு வைத்திருக்கிறாள். நடத்தை மிக நன்று. ஆமாம், அதனால்தான் இந்த நிலைமை. மனப்பாடம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, இப்போது அதுவும் ஓடவில்லை. போன வாரம் இன்டர்ஃபேஸ் என்ற சொல் எனக்கு வரவில்லை. வருஷக்கணக்காக அதை வைத்துத்தான் சோறு தின்றேன், அரை நாள் முழுக்கத் தேடினேன், நாக்குக்கு அடியில் ஏதோ ஒரு வழவழப்பு, சொல் மட்டும் இல்லை, தேங்காய் துருவும்போது தானாக வந்து விழுந்தது, அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதேன். மாமி எட்டிப் பார்த்தார். என் கணவன் ஜெபினின் அம்மா, பேத்தியைப் பார்க்க ஊரிலிருந்து வந்தவர், நல்லவர்தான், அதுதான் பிரச்சினை. பிள்ளை பெத்தா புத்தி பாதி பாலோட போயிரும் பிள்ளே, எனக்கும் அப்படித்தான் போச்சு, அதுக்கெல்லாமா அழுவா என்றார், சிரித்துக்கொண்டே. அன்றிலிருந்து ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் எனக்கு அந்தப் பயம். இந்தச் சின்ன வாய் இழுக்கிறதே, இதில் என்ன போகிறது, டெக்கரேட்டர் போய்விட்டதா, அடாப்டர் இருக்கிறதா. சிரிப்பு வரவேண்டிய நினைப்பு, வியர்க்கிறது.

நாளைக்கு மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கப்போகிறவர்கள் மேனேஜர் உமாபதி சாரும் தினகரும். தினகர் என் பழைய டீம் லீட், இன்னும் அங்கே லீட், என் நாற்காலியை இழுத்துத் தள்ளியவன் அவன்தான். அவனுக்குப் பாட்டர்ன் என்றால் நெற்றியில் திருநீறு மாதிரி, இல்லாமல் வெளியே வரமாட்டான். நான் எழுதிய புரோகிராம் கோட் ஆஸ்பத்திரி லேப்களுக்கானது, ரத்தம் சோதித்த ரிப்போர்ட்டை அச்சடித்துக் கொடுக்கிற பகுதி. எளிது. ஒரு நோயாளி வந்தால் புதிதாக ஒரு ஆப்ஜெக்ட், விவரங்களைச் சுமக்கிற பெட்டி மாதிரி, அதில் அவர் பெயர், வயது, அவருடைய எண்கள், அச்சு, அச்சானதும் தூக்கிப் போடு. அடுத்த ஆளுக்கு அடுத்தது. பந்தியில் இலை போடுகிற மாதிரி, ஒருவர் எழுந்தால் அந்த இலை போயிற்று, அடுத்தவருக்குப் புது இலை. எல்லோரையும் உட்காரவைத்து அதைப் பெரிய திரையில் போட்டுத் தினகர் கேட்டான், இதுல ஒரு பாட்டர்ன்கூட இல்லையே ரெக்ஸ்லின், காலேஜ் பையன் எழுதுன மாதிரி இருக்கு, ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் புதுசு புதுசா உண்டாக்கிட்டே போறீங்களே, மெமரி என்ன உங்க மாமியார் வீட்டுச் சொத்தா? சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என் பல்லை நானே தட்டிக்கொள்ளத் தோன்றுகிறது. நான் லீவில் போனதும் முதல் வேலையாக எல்லாவற்றையும் பிரித்துப் போட்டு மறுபடி கட்டினான், அதற்கு ஆண்டு விழாவில் மேடையேறிக் கண்ணாடிக் கோப்பை வாங்கினான். அந்தப் போட்டோவை மார்பில் குழந்தையோடு பார்த்தேன், லைக் போட்டேன், நடத்தை மிக நன்று. சரி, படி. அப்சர்வர். ஒரு இடத்தில் ஏதாவது மாறினால் அதைத் தெரிந்துகொள்ள வேண்டியவர்கள் பெயரெல்லாம் ஒரு பட்டியலில் இருக்கும், மாறியதும் பட்டியலில் உள்ள அத்தனை பேருக்கும் தகவல் போகும், வேண்டாதவர்களைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட வேண்டும், எடுக்க மறந்தால் அது பிழை, பலர் செய்கிற பிழை. செய்தீர்களே. லேப் புகார்கள் போகிற பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்தீர்களா? லேபர் வார்டில் வலி வந்து நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது தலைமாட்டில் போன் துடிக்கிறது, எங்கோ ஒரு லேபில் பிரிண்டர் வேலை செய்யவில்லையாம், நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு யாரும்மா இது இந்த நேரத்துல, வீட்டுக்காரரா என்றார். மூன்று தடவை கேட்டேன், என் நம்பரை எடுத்துவிடுங்கள் என்று. தினகர் சொன்னது, மியூட் பண்ணிக்கோங்களேன்.

இதோ இப்போதும் துடித்தது. குழந்தையின் முதுகு பக்கம் கிடந்த போன், மெத்தை நடுங்கி அவள் புருவம் சுருங்கி, ஏசுவே எழுந்துவிடாதே, எழவில்லை. விரலால் இழுத்துப் பார்த்தேன். வேலூர்ப் பக்கம் ஒரு லேபிலிருந்து புகார். ஐம்பது வயது ஆணின் ரிப்போர்ட்டில் கர்ப்பப் பரிசோதனை முடிவு அச்சாகியிருக்கிறது, பாசிட்டிவ். டீம் குரூப்பில் உடனே கும்மாளம். சாருக்கு வாழ்த்துகள், சீமந்தம் எப்போ, பெயர் வைக்க நம்ம தினகரைக் கூப்பிடுங்க, ஒருத்தன் தொட்டில் படம் வேறு போட்டிருக்கிறான். எனக்கும் சிரிப்பு வந்தது, உண்மையைச் சொன்னால் என்ன, வயிறு குலுங்கியது. பிறகு தினகர் எழுதினான், லேப்ல பெயரை மாத்தி டைப் பண்ணியிருப்பாங்க, அவங்க தப்பு, நாளைக்குப் பார்த்துக்கலாம். அந்த நாளைக்கு என்ற சொல்லில்தான் சிரிப்பு நின்றது. டைப் பண்ணியிருப்பார்களா? பெயர் டைப் செய்கிற இடம் வேறு, எண்கள் வருகிற வழி வேறு, எண்கள் மெஷினிலிருந்து நேராக வரும், கை படாது. அந்தப் பெயருக்கு அந்த எண் போய் உட்கார வேண்டுமென்றால் இரண்டும் ஒரே இடத்தில் இருந்திருக்க வேண்டும், ஒரே நேரத்தில். ஒரே இடத்தில். லேப்டாப்பில் அந்தப் புரோகிராம் கோடைத் திறந்தேன். லீவில் இருப்பவளின் அனுமதியையும் யாரும் எடுத்துவிடவில்லை, மறதி இந்த ஆபீஸின் குலதெய்வம். என் பழைய பகுதியைத் தேடினேன், பெயர் மாறியிருந்தது, உள்ளே போனேன், உள்ளே இன்னொன்று, அதற்குள் இன்னொன்று, வெங்காயம், பிறகு அடியில் அது இருந்தது. ரிப்போர்ட்டைச் சுமக்கிற அந்த ஆப்ஜெக்டைச் சிங்கிள்டனாக ஆக்கியிருக்கிறான். அடப்பாவி. புதுசு புதுசா உண்டாக்குவது வீண் என்று ஒரே ஒன்றாக ஆக்கிவிட்டான். பந்தி முழுவதற்கும் ஒரே இலை. ஒருவர் வந்து போய் இன்னொருவர் வந்தால் தெரியாது, துடைத்துத் துடைத்துப் பரிமாறலாம், டெஸ்ட் பண்ணும்போது ஒவ்வொன்றாகத்தான் பண்ணியிருப்பார்கள். இரண்டு கவுன்டரில் இரண்டு பேர் ஒரே நொடியில் அச்சு கொடுத்தால் இவர் பெயரை எழுதி முடிப்பதற்குள் அவர் எண்கள் மேலே வந்து விழும். பெயர் ஒருவருடையது, ரத்தம் இன்னொருவருடையது. ஆணுக்குக் கர்ப்பம் என்றால் கண்டுபிடித்துவிடலாம். சர்க்கரைக்குச் சர்க்கரை மாறியிருந்தால்? ஷைனா பிறந்த மூன்றாம் நாள் மஞ்சள் காமாலை என்று ஒரு தாளைப் பார்த்துத்தான் அவளை என்னிடமிருந்து எடுத்துப்போய் நீல விளக்குக்குக் கீழே கண்ணைக் கட்டிப் போட்டார்கள். ஒரு தாள், அதில் ஒரு எண். கண்ணாடிக்கு வெளியே நின்று நான் அந்த எண்ணை நம்பினேன். நம்பாமல் என்ன செய்திருப்பேன்? இன்று அந்தக் கண்ணாடிக்கு வெளியே வேறு எவளோ நிற்கிறாள், அவள் குழந்தைக்கு விளக்கு வேண்டாம் என்று தாள் சொல்கிறது, தாளில் இருப்பது யாருடைய எண்ணோ.

சொல்ல வேண்டும். யாரிடம்? தினகரிடம் சொன்னால் ஒரு மணி நேரத்தில் சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டு நாளைக்கு மேசைக்கு அந்தப் பக்கம் கால்மேல் கால் போட்டுச் சிங்கிள்டன் என்றால் என்ன ரெக்ஸ்லின் என்று கேட்பான், கேட்பான், நிச்சயம் கேட்பான், நான் சிஸ்டர் இம்மாகுலேட்டுக்குச் சொன்ன மாதிரி கமா தப்பாமல் சொல்வேன், தேறுவேன் அல்லது தேறமாட்டேன், அவன் இஷ்டம். சொல்லாமல் வைத்திருந்து நாளைக்கு மேசைமேல் எடுத்துப் போட்டால்? அவன் முகத்தை நினைத்துப் பார்த்தேன், இனித்தது, உடம்பெல்லாம் இனித்தது, பிரசவத்துக்குப் பிறகு இவ்வளவு இனிப்பாக எதுவும் எனக்கு இருந்ததில்லை. ஆனால் அதற்குள் எத்தனை தாள். ச்சே. அவன் செய்த தப்புக்கு நான் ஏன் ஓட வேண்டியிருக்கிறது, எனக்குப் பழி வாங்கக்கூட ஒரு ராத்திரி கிடையாதா, கோபத்தைக்கூட ஊழியமாக்கித்தான் கொடுப்பார்களா. ஜெபின் உள்ளே வந்தான், கையில் வெட்டிய கொய்யாப்பழம். லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன், மெல்லிய குரலில் விளக்கினேன், அவனும் சாஃப்ட்வேர்தான், புரிந்துகொண்டான், முகம் சுருங்கியது, பிறகு கொய்யாவைக் கடித்தான். நீ லீவுல தானே இருக்க ரெக்ஸி, உனக்கென்ன, நாளைக்கு அந்த ஆள்தானே கேள்வி கேக்கப்போறான், இன்னைக்கு போய் அவன்கிட்ட மோதாத என்றான். ஜெயிக்கலைன்னாலும் ஒண்ணும் இல்ல, ரெண்டு வருஷம் வீட்ல இருந்து பிள்ளையைப் பாரேன், நான் என்ன வேண்டாம்னா சொல்லப்போறேன். எவ்வளவு பெருந்தன்மை. நீங்க இருந்து பாருங்களேன், நான் என்ன வேண்டாம்னா சொல்லப்போறேன் என்றேன். அவன் சிரித்தான், நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் கொய்யாத் தட்டை வைத்துவிட்டுப் போனான். வாசலில் மாமி அவனிடம் என்னடா மக்ளே என்று கேட்பதும், ஒண்ணும் இல்லம்மா, டென்ஷன் என்று அவன் சொல்வதும் கேட்டது. டென்ஷனாம். எனக்கு இருப்பதற்குப் பெயர் டென்ஷன் இல்லை.

உமாபதி சாரைக் கூப்பிட்டேன். மேனேஜரை ஞாயிற்றுக்கிழமை கூப்பிடக்கூடாது, லீடைத் தாண்டிக் கூப்பிடக்கூடாது, அங்கே அதுதான் வேதம். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்காமல் போனால் நல்லது என்று மனசில் ஒரு பாதி வேண்டிக்கொண்டது, எடுத்தார், பின்னால் குக்கர் விசில். நான் லீவில் இருப்பதை எனக்கே ஞாபகப்படுத்தினார், நாளைக்கு வர்றீங்கதானே என்றார். ரிப்போர்ட் அச்சு எல்லா லேபிலும் நிறுத்தச் சொல்லுங்க சார், இப்பவே என்றேன். குரல் என்னுடையதாக இல்லை, அம்மை மீன்காரரிடம் பேசுகிற குரலாக இருந்தது. அது டைப்பிங் தப்பு என்று தினகர் போட்டுவிட்டாரே என்றார். விளக்கினேன். சிங்கிள்டன் என்றேன், அவருக்குப் புரியவில்லை, ஒரே இலை என்றேன், புரிந்துவிட்டது, ஆனாலும் தினகரிடமே சொல்லிவிடலாமே என்றார். யாரிடமும் கேட்கவே வேண்டாம் சார், ஒரு லேபில் இரண்டு கவுன்டரில் இரண்டு பேரை நிறுத்தி ஒரே நேரத்தில் அச்சு கொடுக்கச் சொல்லுங்கள், ஒரு தரம் போதாது, கொடுத்துக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள் என்றேன். திரும்பக் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகுதான் பயம் வந்தது. இதுவரை இருந்ததெல்லாம் பயமே இல்லை. நான் சரியாகப் பார்த்தேனா? மறுபடி திறந்தேன், எழுத்துகள் ஊர்ந்தன, வேறு எங்காவது பூட்டுப் போட்டிருப்பானோ, ஒருவர் முடிக்கும்வரை இன்னொருவரை உள்ளே விடாமல், அப்படிப் போட்டிருந்தால் நான் சொன்னது அத்தனையும் உளறல், பாலோடு போன புத்தி, நாளைக்கு மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், பாவம், குழந்தை பிறந்ததிலிருந்து, என்று இழுப்பார்கள். பூட்டைத் தேடினேன். இல்லை. மேலே தேடினேன், இல்லை. இல்லை என்பது எனக்குத் தெரியாததாலா, உண்மையிலேயே இல்லையா, எல்லாம் ஒரே மாதிரி வெள்ளையாக இருந்தது, இன்டர்ஃபேஸ் இன்டர்ஃபேஸ் என்று சம்பந்தமில்லாமல் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன், அந்தச் சொல்லாவது இருக்கிறதா என்று. மாமி கதவைத் தள்ளி, பிள்ளை ஒறங்குதுல்லா, நீயும் செத்த நேரம் கெட, இந்தப் பெட்டிச் சூடு பிள்ளைக்கு ஆகாது என்றார். போங்க மாமி என்றேன். இதுவரை அவரிடம் அப்படிச் சொன்னதே இல்லை. அவர் உள்ளே வந்து கொய்யாத் தட்டை எடுத்துக்கொண்டு கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

போன் துடித்தது. குழந்தை விழித்துக்கொண்டாள், இந்த முறை தடுக்கவில்லை, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு அவளைத் தூக்கினேன். உமாபதி சாரின் குரல் இறங்கியிருந்தது. ரெண்டு தாள்லயும் ஒரே நம்பர் வந்துருச்சும்மா என்றார். எல்லா இடத்திலும் அச்சை நிறுத்தச் சொல்லிவிட்டாராம், காலையிலிருந்து போன தாள்களையெல்லாம் திரும்ப வாங்கச் சொல்லிவிட்டாராம், அதற்கு முந்தியவற்றை நாளையிலிருந்து ஆள் போட்டுச் சரிபார்க்கிறாராம், நான் எழுதிய பழைய கோடுக்கே இன்று திரும்பிவிடலாமா என்று கேட்டார், என்னிடம், திரும்பிவிடலாம் என்றேன். பெரிய உதவிம்மா, டீம்கிட்ட நானே சொல்றேன் என்றார். பிறகு குரலை மாற்றிக்கொண்டு, எப்போதும்போல, நாளைக்குப் பேனல் அப்படியே இருக்கட்டும், நடைமுறைன்னு ஒண்ணு இருக்குல்ல, தினகர் பாட்டர்ன்லதான் கேப்பாரு, இருபத்து மூணையும் ஒரு பார்வை பாத்துட்டு வாங்க என்றார். ஷைனா என் கழுத்தில் முகத்தைத் தேய்த்துத் தேடினாள். இவ்வளவுக்குப் பிறகும் அவன் கேட்பான், நான் சொல்வேன். சரி சார் என்ற சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது, வாயைத் திறந்தாலே தானாக விழுகிற சொல்.

"வரேன் சார். ஆனா தினகர் அந்தப் பக்கம் உட்காரக் கூடாது. என் பக்கத்து நாற்காலியில உட்காரட்டும். இருபத்து மூணையும் ரெண்டு பேர்கிட்டயும் கேளுங்க."

அவர் லேசாகச் சிரித்தார், வேடிக்கை என்று நினைத்துக்கொண்டு. நான் சிரிக்காதது கொஞ்ச நேரத்தில் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"அவர் லீட்மா. ஒத்துக்க மாட்டாரே."

"கேட்டுப் பாருங்க சார்" என்றேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு கையால் பித்தானைக் கழற்றினேன், குழந்தை பிடித்துக்கொண்டாள், இழுத்தாள். "நான் லைன்லயே இருக்கேன்."